ரயில் போன பிறகும் ஸ்டேஷன்: ஜப்பானில் மூடப்பட்ட கிராமத்து நிலையங்கள் என்ன ஆகின்றன?

2016 ஜனவரியில் ஒரு செய்தி உலகமெல்லாம் சுற்றியது. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள், அவள் படிப்பு முடிந்ததும் மூடிவிடுவார்கள் என்பதுதான் செய்தி. ஃபேஸ்புக்கில் நீங்களும் பார்த்திருக்கலாம். படிக்கும்போது நெஞ்சைத் தொட்டது உண்மை. ஆனால் பரவிய கதையில் ஸ்டேஷனே மாறிப்போயிருந்தது. காமி-ஷிராதாகி என்று எழுதினார்கள். அந்தப் பெண் ஏறி இறங்கியது கியூ-ஷிராதாகியில். ஜப்பானில் ரயில் கால அட்டவணையில் பெரிய மாற்றங்கள் வழக்கமாக மார்ச்சில்தான் வரும். பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். அந்த ஆண்டு மார்ச் 26 அன்று காமி-ஷிராதாகி, கியூ-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி என்று அதே தடத்தில் இருந்த மூன்று நிலையங்களும் ஒன்றாகவே மூடப்பட்டன.

கதை அங்கேயே நின்றுவிட்டது. மூடிய பிறகு அந்த இடங்களுக்கு என்ன ஆனது என்று யாரும் பகிரவில்லை. எனக்கோ அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. ஜப்பானில் இப்படி மூடப்பட்ட கிராமத்து நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சில அடையாளமே இல்லாமல் புல்லுக்குள் போய்விட்டன. சில இன்றும் ஊரின் நடுவே ஆட்கள் வந்து போகும் இடங்களாக இருக்கின்றன. இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்டேஷனில் ஊழியர் இல்லை என்றால் அது மூடப்பட்ட நிலையம் என்று அர்த்தமில்லை. ஜப்பானியக் கிராமங்களில் ஆளில்லாத நிலையங்கள் சர்வசாதாரணம். ரயில் வந்து நிற்கும், ஓட்டுநர் பக்கத்திலிருக்கும் பெட்டியில் காசைப் போட்டுவிட்டு இறங்குவார்கள், அவ்வளவுதான். இங்கே நாம் பேசுவது ரயிலே நிற்காமல் போன நிலையங்களைப் பற்றி. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, தடம் ஓடிக்கொண்டிருக்கும், அந்த ஒரு ஸ்டேஷனில் மட்டும் ரயில் நிற்காது. ஷிராதாகி நிலையங்கள் இந்த வகை. ஷிமோ-ஷிராதாகி இப்போது எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடந்துபோக உதவும் சிக்னல் இடமாக இருக்கிறது. பயணிகளுக்கு அங்கே வேலையில்லை. இரண்டாவது வகையில் தடமே மூடப்பட்டு, அதன் மேலிருந்த எல்லா ஸ்டேஷன்களும் ஒரே நாளில் போய்விடும்.

பிற்கால வாழ்க்கை என்று பார்த்தால் இரண்டாவது வகைக்குத்தான் வாய்ப்பு அதிகம். கேட்க விநோதமாக இருக்கலாம், ஆனால் காரணம் எளிது. தடம் ஓடிக்கொண்டிருந்தால் நிலம் ரயில் கம்பெனியின் கையிலேயே இருக்கும். ரயில்கள் வேகமாகக் கடந்துபோகும் இடத்தில் நடைமேடையை வைத்துக் கடை போட முடியாது. தடமே போய்விட்டால் நிலமும் கட்டடமும் ஊராட்சியின் கைக்கு வர வழி பிறக்கும். அப்புறம் என்ன செய்வது என்று ஊர் தீர்மானிக்கலாம்.

சரி, ஒரு தடத்தை எதை வைத்து மூடுகிறார்கள்? ஜப்பானில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு: ஒரு நாளில், தடத்தின் ஒரு கிலோமீட்டரைச் சராசரியாக எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற கணக்கு. ஒரு கற்பனைத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 10 கிலோமீட்டர். நாளுக்கு 500 பேர் ஏறுகிறார்கள், ஒவ்வொருவரும் 4 கிலோமீட்டர் போகிறார்கள். எல்லோரும் போன தூரத்தைக் கூட்டினால் 2,000. அதை 10-ஆல் வகுத்தால் 200. இந்த 200-தான் அந்தத் தடத்தின் அடர்த்தி. டிக்கெட் வாங்கியவர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 500 என்று தெம்பாகத் தெரியும். ரயிலுக்குள் நின்று பார்த்தால் காலி இருக்கைகள்தான் தெரியும்.

1980-இல் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அப்போது ரயில்கள் தேசிய ரயில்வேயின் கையில் இருந்தன, அதன் கடன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்தது. 1987-இல் அதைப் பிரித்துத் தனியார்மயமாக்கியபோது அந்தச் சுமை சுமார் 37 லட்சம் கோடி யென்னாக இருந்தது. இந்த அடர்த்தி 4,000-க்குக் கீழே இருந்த கிளைத் தடங்களில் 83-ஐத் தேர்ந்தெடுத்து, தேசிய ரயில்வே இவற்றை இனி நடத்தாது என்று முடிவெடுத்தார்கள். 45 தடங்களில் தண்டவாளம் போய் பேருந்து வந்தது. மீதி 38 தடங்கள் வேறு கைகளுக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டவை, மாவட்டமும் ஊர்களும் உள்ளூர் நிறுவனங்களும் பங்கு போட்டுத் தொடங்கிய கம்பெனிகள். அரசு சும்மா கைகழுவவில்லை. மாற்றத்துக்கு உதவியாகக் கிலோமீட்டருக்கு 3 கோடி யென் வரை மானியம் கொடுத்தது. பேருந்துகள் வாங்கவும் பேருந்து நிலையம் கட்டவும் ஊர்களுக்கு இந்தப் பணம் கைகொடுத்தது.

இந்தக் கணக்கு எவ்வளவு கறாரானது என்பதைப் புரிந்துகொள்ள கோஃபுகு ஸ்டேஷனைப் பார்த்தால் போதும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

ஹொக்கைடோவின் தொகாச்சி சமவெளியில், ஒபிஹிரோ நகரத்திலிருந்து தெற்கே கடற்கரை ஊரான ஹிரோவோ வரை 84 கிலோமீட்டருக்கு ஒரு தடம் ஓடியது. அதில் 22-ஆவது கிலோமீட்டரில் 1956-இல் ஒரு சின்ன நிறுத்தம் திறந்தார்கள். மரத்தாலான ஒரு குடிசை, குட்டையான ஒரு நடைமேடை, சுற்றிலும் வயல். ஊழியர் என்று தொடக்கத்திலிருந்தே யாரும் கிடையாது. அந்தப் பகுதிக்கு ஐனு பழங்குடியினர் வைத்திருந்த பெயர் வறண்ட ஆறு என்ற பொருள்கொண்டது. அதை ஜப்பானிய எழுத்தில் எழுதியபோது ஒலிக்காக ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். பிறகு ஹொன்ஷு தீவின் ஃபுகுயி பகுதியிலிருந்து நிறையக் குடும்பங்கள் வந்து குடியேறின. பழைய பெயரின் முதல் எழுத்தையும் ஃபுகுயியின் முதல் எழுத்தையும் சேர்த்துப் புதுப் பெயர் உண்டானது. அப்படிச் சேர்ந்ததும் அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள் வந்துவிட்டது. குடியேறியவர்கள் தங்கள் ஊரின் நினைவுக்காக வைத்ததுதான் பின்னால் நாட்டையே இழுத்தது.

அதே தடத்தில், ஒபிஹிரோ பக்கமாக 11 கிலோமீட்டர் முன்னால், ஐகோகு என்றொரு நிலையம். நாட்டுப்பற்று என்று அர்த்தம். ஆனால் எழுத்துகளைத் தனித்தனியாகப் படித்தால் காதல், நாடு என்று வரும். 1973-இல் என்.எச்.கே. தொலைக்காட்சி தன் பயண நிகழ்ச்சியில் இந்த இரண்டு நிலையங்களையும் காட்டியது. ஐகோகுவிலிருந்து கோஃபுகுவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினால், காதல் நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்குப் போகும் டிக்கெட்! அதற்கு முந்தைய ஆண்டில் இந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே விற்ற டிக்கெட்டுகள் மொத்தம் 7. பித்துப் பிடித்த பிறகு ஒரே ஆண்டில் 30 லட்சம். காதலர்கள் வாங்கினார்கள், கல்யாணப் பரிசாகக் கொடுத்தார்கள், பர்சில் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டார்கள். 

இவ்வளவு டிக்கெட் விற்ற நிலையத்தை மூட மாட்டார்கள் என்றுதானே தோன்றும்? மூடினார்கள். வாங்கியவர்களில் மிகப் பலர் அந்த ரயிலில் ஏறவே இல்லை. 84 கிலோமீட்டர் தடத்தில் 11 கிலோமீட்டருக்கு மட்டும் புகழ் இருந்தது, அதுவும் காகிதத்தில். தினமும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் கார் வாங்கிவிட்டார்கள், இளையவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். 1987 பிப்ரவரி 1 அன்று கடைசி ரயில் ஓடியது. மறுநாள் முதல் அந்தப் பாதையில் பேருந்து.

தண்டவாளத்தைப் பிடுங்கிய பிறகும் கோஃபுகுவுக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. நடைமேடையை விட்டுவைத்தார்கள். அதன் பக்கத்தில் கொஞ்சம் தண்டவாளமும், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பழைய டீசல் பெட்டிகளும் நிற்கின்றன. மரக்குடிசையின் சுவரை உள்ளும் புறமும் தேடித்தான் பார்க்கவேண்டும், அவ்வளவு காகிதம். வந்தவர்கள் எல்லோரும் பழைய டிக்கெட்டைப் போலப் பெரிதாக அச்சிட்ட இளஞ்சிவப்புச் சீட்டில் தங்கள் பெயரையும் ஆசையையும் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று, கூரை வரைக்கும். விசிட்டிங் கார்டுகளும் உண்டு. மணமக்கள் வந்து மணி அடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குடிசை மரம் உளுத்துப்போனதால் 2013-இல் பிரித்து, பழைய மரங்களில் உபயோகப்பட்டவற்றைச் சேர்த்து, பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். ஐகோகு நிலையம் இன்னொரு மாதிரி ஆனது. அது இப்போது போக்குவரத்து நினைவகம். வெளியே ஒரு நீராவி இன்ஜின் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

கோஃபுகுவுக்குக் கிடைத்த பெயர் எல்லா ஊருக்கும் கிடைக்காது. இப்படி ஒரு பெயர் இல்லாத நிலையங்கள் என்ன செய்யும்? அங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

ரயில் போய்விட்ட பிறகு ஒரு ஸ்டேஷனிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஊரின் நடுவில், சமதளமாக, பெரிய நிலம். வாசலில் வண்டிகள் திரும்ப ஒரு முற்றம். அங்கே வந்து சேரும் சாலைகள். எதிரே நாலு கடை. அந்த இடத்தில் ஒருவரையொருவர் சந்தித்துப் பழகிய ஊர்மக்கள். இதெல்லாம் ரயிலோடு போகாது. முதலில் தேவைப்படுவது ரயிலுக்குப் பதிலாக வந்த பேருந்து நிற்க ஓர் இடம். ஆகவே மிகப் பல பழைய நிலையங்கள் பேருந்து நிலையங்களாயின. அதனுடன் ஒரு காத்திருப்பு அறை, பெட்டிக்கடை, சுவரில் பழைய ரயில் படங்கள். பகட்டில்லாத மறுபயன்பாடு, ஆனால் என் பார்வையில் இதுதான் மிக நேர்மையானது. ரயிலை நம்பியிருந்த அதே பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான் இதையும் பயன்படுத்துகிறார்கள்.

1993-இல் இதற்கு இன்னொரு வழி திறந்தது. சாலையோர நிலையம் என்ற திட்டத்தை ஜப்பானிய அரசு அந்த ஆண்டு தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசமாக வண்டி நிறுத்தலாம், கழிப்பறை திறந்திருக்கும், வழி கேட்க ஓர் இடம் இருக்கும். உள்ளூர்க் காய்கறியும் மீனும் விற்கும் கடையும் பெரும்பாலும் உண்டு. முதலில் 103 இடங்களைப் பதிவுசெய்தார்கள். இன்று 1,200-க்கும் மேல். காருக்குத் தோற்ற ரயில் நிலையங்களில் பல, காரில் வருபவர்களை வரவேற்கும் நிலையங்களாகவே மாறின.

நோதோ தீபகற்பத்தில் இருக்கும் வாஜிமா அப்படி ஓர் ஊர். அரக்கு பூசிய பாத்திரங்களுக்குப் பேர்போனது. 2001-இல் தடம் மூடப்பட்டதும் ஸ்டேஷன் இருந்த இடத்தில் பேருந்து நிலையமும் சாலையோர நிலையமும் சேர்ந்து வந்தன. பழைய நடைமேடையின் ஒரு துண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள், பெயர்ப் பலகையோடு. ஜப்பானிய நிலையங்களின் பெயர்ப் பலகையில் முந்தைய நிலையம் ஒரு பக்கமும் அடுத்த நிலையம் மறு பக்கமும் எழுதியிருக்கும். வாஜிமா கடைசி நிலையம், அதற்கப்பால் கடல்தான். அடுத்த நிலையத்துக்கான இடம் காலியாகக் கிடந்தது. யாரோ அங்கே சைபீரியா என்று எழுதிவிட்டார்கள். அதை அழிக்காமலே பாதுகாத்தார்கள். ஊர் தன் ஸ்டேஷனை எப்படி நேசித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தண்டவாளத்தைப் பிடுங்காமல் வைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. இதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் தண்டவாளம் பராமரிப்புச் செலவு வைக்கும். ஹொக்கைடோவின் உள்பகுதியில், கடும் குளிருக்குப் பெயர்பெற்ற ரிகுபெட்சு என்ற சிற்றூர். இகெதாவிலிருந்து கிதாமி வரை 140 கிலோமீட்டர் ஓடிய தடம் அதன் வழியே போயிற்று. ஊர்கள் பங்கு போட்ட கம்பெனி எடுத்து நடத்தியும் தாங்கவில்லை, 2006 ஏப்ரலில் மூடினார்கள். ரிகுபெட்சு மட்டும் தன் ஸ்டேஷன் பக்கத்துத் தண்டவாளத்தையும் சில டீசல் பெட்டிகளையும் வைத்துக்கொண்டது. 2008 முதல் அங்கே யார் வேண்டுமானாலும் உண்மையான ரயிலை ஓட்டலாம். பணம் கட்டி, பாடம் கேட்டு, பக்கத்தில் பயிற்றுநர் நிற்க, நீங்களே விசையைப் பிடித்து ரயிலை நகர்த்தலாம். ரயில் ஓட்டுநராகும் கனவோடு வளர்ந்தவர்கள் ஜப்பானில் ஏராளம். அவர்கள் இதற்காகவே அவ்வளவு தூரம் வருகிறார்கள். ஸ்டேஷன் கட்டடம் இப்போது சாலையோர நிலையமும்கூட.

ஒகயாமா பகுதியில் கிச்சிகஹாரா என்று ஒரு நிலையம். சுரங்கத்திலிருந்து கனிமத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன தனியார் தடம், 1991-இல் நின்றது. அங்கே இப்போது சுரங்கப் பூங்கா. பழைய பெட்டிகளை ஓடும் நிலையில் வைத்திருந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

தகாச்சிஹோவின் கதை வேறு. க்யூஷு தீவின் மலைப்பகுதி அது. அங்கே 2005 செப்டம்பரில் வந்த புயல் ஆற்றுப் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டக் கம்பெனியிடம் பணமில்லை, தடம் முடிந்தது. ஆனால் தகாச்சிஹோ ஸ்டேஷனும், தரையிலிருந்து 105 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டும் இரும்புப் பாலமும் பிழைத்துக்கொண்டன. உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஸ்டேஷனிலிருந்து அந்தப் பாலம் வரை, மேலே திறந்த வண்டியில் பயணிகளைக் கூட்டிப்போய், பாலத்தின் மேல் நிறுத்திக் காட்டுகிறார்கள். அந்த வண்டிக்கு எரிபொருள், ராமென் நூடுல்ஸ் கடைகளில் மிஞ்சும் பன்றிக் கொழுப்பிலிருந்தும் பொரித்த எண்ணெயிலிருந்தும் எடுத்த டீசல்.

சில நிலையங்களைக் கட்டடத்தின் அழகே காப்பாற்றியது. இசுமோவின் பெரிய கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களுக்காக 1924-இல் கட்டிய தைஷா நிலையம் பார்ப்பதற்கே கோயில் மாதிரி இருக்கும். தடம் 1990-இல் மூடியது. 2004-இல் கட்டடம் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இது விதிவிலக்கு. சாதாரணக் கிராமத்து ஸ்டேஷனுக்கு அழகை நம்பிப் பலனில்லை. பனி அதிகம் விழும் ஊரில் ஆள் நடமாட்டம் இல்லாத மரக்கட்டடம் சில குளிர்காலங்களில் சாய்ந்துவிடும். கூரைப் பனியை யார் தள்ளுவது, ஓட்டை விழுந்தால் யார் அடைப்பது, மின்கட்டணத்தை யார் கட்டுவது? பிழைத்த நிலையங்கள் ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகமோ, கூட்டுறவோ, நாலு ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களோ, யாராவது ஒருவர் பொறுப்பெடுத்திருப்பார்கள். பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு பழைய, அழகான கட்டடமானாலும் இடிப்பதைத் தவிர வழியில்லாமல் போய்விடுகிறது.

மூடும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது. ஹொக்கைடோவில் ரயில் நடத்தும் ஜே.ஆர். ஹொக்கைடோ, 2016 நவம்பரில் 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடங்களைத் தன்னால் மட்டும் தாங்கமுடியாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பிறகு மூடப்பட்டவற்றில், ஒரு தடத்தின் முடிவில் இருந்த ஷின்-தொத்சுகாவா நிலையமும் ஒன்று. கடைசி ஆண்டுகளில் அங்கே நாளுக்கு ஒரே ஒரு ரயில்தான். காலை 10 மணிக்குப் புறப்படும். அன்றைய முதல் ரயிலும் அதுதான், கடைசி ரயிலும் அதுதான். 2021 மார்ச்சில் ஆள் குறைந்த நிலையங்களைப் பற்றி அந்தந்த ஊர்களோடு பேசி, 18 நிலையங்களை மூடினார்கள். 17 நிலையங்களில் பராமரிப்பை ஊர்களே ஏற்றுக்கொண்டன. ரயில் நிற்கவேண்டும் என்றால் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊர் சொல்கிற ஏற்பாடு. சின்ன ஊராட்சிக்கு இது லேசான சுமை இல்லை. ஆனாலும் யாருக்கு அந்த நிலையம் வேண்டும் என்பது இதில் தெளிவாகிவிடுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

சுற்றுலாவை மட்டும் நம்பும் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோஃபுகு மாதிரி வெளியூர்க்காரர் வரும் இடம் இருப்பது நல்லதுதான், ஊருக்கு வருமானம் வரும். ஆனால் படம் எடுக்க வருகிறவர் அரைமணி நேரத்தில் போய்விடுவார். பனிக்காலத்தில் வரமாட்டார். உள்ளூர்க்காரருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தால் விளக்கு தினமும் எரியும். பேருந்துக்குக் காத்திருப்பதோ, மீன் வாங்குவதோ, பழைய நண்பரோடு தேநீர் குடிப்பதோ, ஏதோ ஒன்று.

ஹொக்கைடோவின் மேற்குக் கரையில் இருக்கும் மாஷிகே இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஊர். ஹெர்ரிங் மீனால் ஒருகாலத்தில் செழித்த துறைமுகம். 1921-இல் ஸ்டேஷன் திறந்தது, கூட்டம் குறைந்ததும் கட்டடத்தில் ஒரு பகுதியை இடித்துச் சின்னதாக்கினார்கள். 2016 டிசம்பரில் ரயில் நின்றது. ஊராட்சி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை, நிலையத்தை எடுத்து, இடித்த பகுதியைத் திரும்பக் கட்டி, 2018-இல் திறப்பு நாளின் அளவுக்கே கொண்டுவந்தது. ரயில் ஓடிய கடைசி முப்பது ஆண்டுகளில் இருந்ததைவிட இப்போதைய மாஷிகே ஸ்டேஷன் பெரியது. உள்ளே ஊரின் பழைய படங்கள், சாப்பிட ஒரு கடை. அந்தக் கடற்கரையில் பிடித்த ஆக்டோபஸைச் சூடாகப் பொரித்துத் தருகிறார்கள்.